திரைப்படத்துத் திருடனும் தொலைபேசித் திருடனும்

செட்டிநாட்டுக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு, படப்பிடிப்புக்காகக் கானாடுகாத்தான் வீதிகளிலும் ஆத்தங்குடி வீதிகளிலும் வந்து நிற்கும் ஜெனரேட்டர் வண்டிகளோடு தொடங்கிய உறவன்று. யுத்த காலத்து நெருக்கடியில் சென்னையில் தொழில் நடத்துவது பெரும்பாடாகிவிட்ட நிலையில், காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகைகளை எழுப்பி, அவற்றையே ஸ்டூடியோவாகக் கொண்டு, 1947-ல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தை எடுத்தார் என்பதும், அதன் பின்னரே ஸ்டூடியோ வடபழனிக்குப் பெயர்ந்தது என்பதும் இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் செய்திகள். அறுபது ஆண்டுகள் கழித்து, 2007-ல், அதே ஏவி.எம். நிறுவனம் எடுத்த ‘சிவாஜி’ படத்தில் ஒரு மடிக்கணினி வருகிறது. நான் இங்கே பேச எண்ணியது அந்த மடிக்கணினியைப் பற்றியும், அதன் உற்றார் உறவினராய்த் தமிழ்த் திரையிலும் உலகத் திரையிலும் உலவிவரும் எண்ணற்ற மாயப் பெட்டிகளைப் பற்றியுமே.

கறுப்புப் பணக் கணக்குகள் யாவும் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. கதாநாயகனின் குரலைக் கேட்டால்தான் அது திறக்கும். அதைக் கைப்பற்றியவர்கள் அந்தக் குரலைப் போலவே பேசிப் பேசிப் பார்க்கிறார்கள். கடைசியில் பெட்டி தன் வயிற்றிலிருந்த கணக்கையெல்லாம் தானே அழித்துக்கொண்டு வெறும் பெட்டியாகிவிடுகிறது. கொட்டகையில் விசில் பறந்த காட்சி அது; நானும் ரசித்தவன்தான். ஆனால், இத்தகைய பெட்டி ஒன்று நிஜத்தில் அதிகாரிகள் கையில் அகப்பட்டிருந்தால், விஷயம் தெரிந்த எவரும் அதன் எதிரே நின்று மிமிக்ரி செய்துகொண்டிருக்க மாட்டார்கள். முதல் வேலையாக ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அதில் ஓர் எழுத்தும் புதிதாக ஏறாதபடி தடுக்கும் கருவியொன்றை இடையே பொருத்தி, புள்ளி பிசகாமல் ஒரு பிரதி எடுத்து, மூலத்தை முத்திரையிட்டு வைத்துவிட்டுப் பிரதியின்மேல்தான் கை வைப்பார்கள். உள்ளே இருப்பது சங்கேதத்தில் இருந்தால் அதைப் படிக்க முடியாமற் போகலாமே ஒழிய, கழற்றி வைத்த டிஸ்க் தன்னைத்தானே அழித்துக்கொள்வதற்கு வழியில்லை. அது கிடக்கட்டும், கோடிக்கணக்கான ரூபாயின் கணக்கை ஒரே பிரதியாக ஒரே பெட்டியில் வைத்திருப்பவன் என்ன வியாபாரி? ரங்கூனிலும் மோல்மேனிலும் கடை வைத்திருந்த நகரத்தார், அங்கே நாள்வழியும் பேரேடும் எழுதியதோடு நில்லாமல், ஐந்தொகை போட்டு ஊரிலிருக்கும் முதலாளிக்குக் கப்பலில் அனுப்பி வைத்தவர்கள். காரைக்குடி மண்ணில் முளைத்த நிறுவனத்தின் படத்திலேயே கணக்குக்கு நகல் இல்லாமற் போயிற்றே என்பதில், இந்தப் பக்கத்துக்காரன் என்ற முறையில் எனக்குச் சற்று வருத்தம் உண்டு.

திரையில் வரும் கணிப்பொறிகளுக்கென்று ஒரு தனி ஜாதகம் இருக்கிறது. எழுத்துக்கள் பச்சை நிறத்தில் மேலிருந்து கொட்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு ‘பீப்’ எழும். அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தியை, கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரும் கண்ணாடி போடாமல் படிக்கும்படி, சிவப்பில் ஓர் அடி உயரத்துக்கு எழுதிக் காட்டும். அதன் முன் அமரும் ‘ஹேக்கர்’ மௌஸைத் தொடுவதே கிடையாது. பத்து விரல்களாலும் தட்டிக்கொண்டே இருப்பார். தப்பாகத் தட்டிவிட்டு அழிப்பது என்ற மனித பலவீனம் அவரிடம் அறவே இல்லை. மூன்றாவது முயற்சியில் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து, ‘உள்ளே போயாச்சு’ என்று நாற்காலியில் சாய்வார். அமெரிக்காவில் பல்லாண்டுகள் ஓடிய ‘என்.சி.ஐ.எஸ்.’ என்னும் துப்பறியும் தொடரில், எதிரி அதிவேகமாக உள்ளே நுழைகிறான் என்பதற்காக ஒரே விசைப்பலகையில் இரண்டு பேர் சேர்ந்து தட்டுகிற காட்சியொன்று உண்டு. வேகமே வித்தை என்ற கொள்கையின் சிகரம் அது. 1996-ல் வந்த ‘இண்டிபெண்டன்ஸ் டே’ படத்திலோ, வேற்றுக் கிரகத்தாரின் தாய்க்கப்பலுக்குள்ளேயே நம் பூமியின் மடிக்கணினியிலிருந்து வைரஸை ஏற்றிவிடுகிறார்கள். என் வீட்டுக் கணிப்பொறி, அடுத்த அறையிலுள்ள பிரிண்டரை இன்னாரென்று அடையாளம் கண்டுகொள்வதற்கே தினந்தோறும் யோசிக்கிறது.

இதற்காக இயக்குநர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. உண்மையான ஊடுருவல் என்பது காமிராவுக்கு ஏற்ற சரக்கே அன்று. ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறான், பதிலுக்காக ஆறு வாரம் காத்திருக்கிறான், நடுவில் டீ குடிக்கிறான். இதைப் பத்து நிமிஷம் காட்டினால், படம் பார்க்க வந்தவர் முறுக்கு வாங்க எழுந்து போய்விடுவார். ஆகவே, அகத்தே நிகழும் ஒன்றைப் புறத்தே நிகழ்வதாகக் காட்டவேண்டிய நிர்ப்பந்தத்தில், காத்திருத்தலை ஓட்டமாகவும், யோசனையைத் தட்டலாகவும் மாற்றிவிடுகிறார்கள்.

ஆரம்ப காலத்தில் இதற்கு வேறொரு நியாயமும் இருந்தது. 1986-ல் வெளிவந்த ‘விக்ரம்’ படத்துக்குக் கதை தந்த சுஜாதா, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் என்ஜினீயராக உத்தியோகம் பார்த்து, மின்னணு வாக்குப்பதிவு யந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். கணிப்பொறி என்பது என்ன, எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தமிழில் சொல்லக் கூடியவர்களில் அன்று அவரைவிடத் தகுதி உடையவர் இல்லை. அந்தப் படத்தில் களவுபோன ‘அக்னி புத்ரா’ ஏவுகணையும், அதைத் தேடும் பயணத்தில் ஒரு கணிப்பொறி நிபுணப் பெண்ணும் வந்தபோது, கொட்டகையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கணிப்பொறியைக் கண்ணால் கண்டதில்லை. காணாத ஒன்றை அதிசயமாகக் காட்டுவது கலையின் உரிமை. ஆனால் இன்றோ, காரைக்குடி கல்லுக்கட்டியில் காய்கறி விற்கும் அம்மாளின் தள்ளுவண்டியிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. யந்திரம் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஏறிவிட்டது. திரையில் மட்டும் அது இன்னும் 1986-ஆம் ஆண்டின் அதிசயப் பெட்டியாகவே இருந்துவருகிறது.

உண்மையைத் தொட்ட படங்கள் இல்லாமலில்லை. 1983-ல் ஹாலிவுட்டிலிருந்து வந்த ‘வார்கேம்ஸ்’ படத்தில், பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன், விளையாட்டு என்று எண்ணிக்கொண்டு அமெரிக்க ராணுவத்தின் அணு ஆயுதக் கணிப்பொறிக்குள் நுழைந்து, உலகத்தை யுத்தத்தின் விளிம்புக்கே கொண்டுபோய்விடுகிறான். அதை அவ்வாண்டு ஜூனில் பார்த்த ஜனாதிபதி ரீகன், இப்படி நடக்க முடியுமா என்று தம் முப்படைத் தலைமை அதிகாரியைக் கேட்க, விசாரித்துவிட்டு வந்த அவர் நிலைமை நினைத்ததைவிட மோசம் என்று சொல்ல, அதன் தொடர்ச்சியாக 1984 செப்டம்பரில் கணிப்பொறிப் பாதுகாப்புக்கென்றே ஓர் அரசாங்க உத்தரவு பிறந்தது. ஒரு சினிமா ஒரு வல்லரசின் கொள்கையை அசைத்த சரித்திரம் இது. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது கடைசிக் காட்சியின் ஆரவாரமன்று. தன் பள்ளிக்கூடத்துக் கணிப்பொறிக்குள் நுழைந்து மதிப்பெண்ணைத் திருத்துகிறானே அந்தப் பையன், அதற்கான பாஸ்வேர்டை அவன் எந்த வித்தையாலும் கண்டுபிடிப்பதில்லை. பள்ளி அலுவலகத்து மேசையில் ஒரு காகிதத்தில் அதை எழுதி வைத்திருக்கிறார்கள், போகிற போக்கில் பார்த்துக்கொள்கிறான். நாற்பது ஆண்டுகள் கழிந்தும், நம் ஊர் அலுவலகங்களில் மானிட்டரின் கீழ்விளிம்பில் ஒட்டியிருக்கும் மஞ்சள் துண்டைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கதாசிரியர்களின் ஞானத்தை மெச்சிக்கொள்கிறேன்.

நிஜத்தில் நடந்தவை எப்படி இருந்தன என்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. கும்பகோணத்தில் 1904-ல் தோன்றி, இன்று நாடெங்கும் கிளை பரப்பியிருக்கும் சிட்டி யூனியன் வங்கியில், 2018 பிப்ரவரியில், வெளிநாடுகளுக்குப் பணம் அனுப்ப உதவும் ‘ஸ்விஃப்ட்’ அமைப்பின் வழியே மூன்று போலி உத்தரவுகள் புறப்பட்டன: துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று, மொத்தத்தில் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். எந்தத் திரையிலும் மண்டையோடு சிரிக்கவில்லை. எந்தச் சங்கும் ஊதவில்லை. பிப்ரவரி 6-ந் தேதியன்று, அந்த அமைப்போடு இணைந்த பிரிண்டர் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். பிரிண்டர் பழுதாவது எந்த அலுவலகத்தில் நடக்காத காரியம்? பணம் போனதற்கான ஒப்புதல் சீட்டு அச்சாகி வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காக அதைத் திருடர்களே முடக்கி வைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்த சங்கதி. மறுநாள் காலை, வழக்கம்போல் முந்தின நாள் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்த ஊழியர்கள், தாங்கள் எழுதாத மூன்று பற்றுகள் அதில் இருப்பதைக் கண்டார்கள். துபாய்க்குப் புறப்பட்ட 5 லட்சம் டாலர் வழியிலேயே மடக்கப்பட்டது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்காளதேச மத்திய வங்கி நியூயார்க்கில் வைத்திருந்த கணக்கிலிருந்து 95 கோடி டாலர் கேட்டு 35 உத்தரவுகள் போன கதை இன்னும் விசித்திரமானது. அங்கேயும் முதலில் நின்றது பிரிண்டர்தான். வேலை கேட்டு வந்த விண்ணப்பம் போன்ற மின்னஞ்சலின் வழியாக உள்ளே நுழைந்தவர்கள், ஓராண்டுக் காலம் ஓசையின்றி உட்கார்ந்திருந்து, நாள் பார்த்துக் கை வைத்தார்கள்: வெள்ளிக்கிழமை டாக்காவில் வார விடுமுறை, சனியும் ஞாயிறும் நியூயார்க்கில் விடுமுறை, திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு. பஞ்சாங்கம் பார்த்துத் திருடியவர்கள்! 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய், அதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பிய 2 கோடி டாலர் திரும்பக் கிடைத்தது; எதனால் என்றால், ‘பவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் திருடர்கள் எழுத்துப் பிழையோடு எழுதியிருந்ததை, இடைவழியிலிருந்த வங்கி ஒன்று கண்டு, இது என்ன என்று திருப்பிக் கேட்டதனால். பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பிழைக்குக் காதைத் திருகிய வாத்தியார்களை எல்லாம் கும்பிடத் தோன்றுகிறது.

நம் கூடங்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் அணுமின் நிலையத்துக்குள் தீய நிரல் புகுந்துவிட்டது என்ற பரபரப்பு எழுந்து, அவ்வாண்டு அக்டோபர் 30-ந் தேதி அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டபோது தெரிந்தது இதுதான்: நிர்வாகக் காரியங்களுக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒரு கணிப்பொறியில் அந்த நிரல் இருந்தது, அணு உலையை இயக்கும் அமைப்புகள் அதனோடு தொடர்பே இல்லாமல் தனித்து வைக்கப்பட்டவை, ஆதலால் பாதிப்பு இல்லை. இந்தச் செய்தியை ஒரு சினிமாக்காரரிடம் கொடுத்திருந்தால், பத்து நிமிஷக் கடிகாரம் ஒன்று பின்னோக்கி ஓடியிருக்கும். கதாநாயகன் திருநெல்வேலியிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டிருப்பான்.

இந்தச் சம்பவங்களில் வீரன் என்று எவரையேனும் சொல்லவேண்டுமானால், சிட்டி யூனியன் வங்கியில் காலையில் கணக்கை ஒப்பிட்ட அந்தப் பெயர் தெரியாத ஊழியர்களைத்தான் நான் சொல்வேன். பெட்டியடியில் உட்காரவைத்த பையனுக்கு நம் முன்னோர் முதலில் கற்றுக்கொடுத்த பாடமும் அதுவே: அன்றன்றைய வரவும் செலவும் பெட்டியிலிருக்கும் ரொக்கமும் சரிக்குச் சரியாக நிற்கும்வரை, அணா பிசகினாலும், சாப்பிட எழுந்திருக்கலாகாது. இதைப் படமாக எடுக்க முடியாது என்கிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கையில்லை. நம் ஊரில் ஐந்தொகை நேராகாத ராத்திரிகளில் வீட்டிலிருந்தவர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள், அதைவிடத் திகிலான காட்சி வேண்டுமென்று கேட்க மாட்டார்கள்.

“சினிமா என்றால் அப்படித்தான் ஐயா, மதுரையில் காதல் சொல்லிவிட்டு சுவிட்சர்லாந்தில் ஆடுவதை நம்புகிறவர்களா நாம்? ஒரே அடியில் பத்துப் பேர் பறப்பதை நம்புகிறோமா? கம்ப்யூட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான ஆக்ஷேபம்தான். சண்டையை நாம் தெருவில் பார்த்திருக்கிறோம். ஒருவன் அடித்தால் மற்றவன் எவ்வளவு தூரம் விழுவான் என்பது நமக்குத் தெரியும். காதல் எப்படிப்பட்டது, மாமியார் எப்படிப்பட்டவர் என்பதிலும் அனுபவம் உண்டு. ஆகவே சினிமாவின் மிகையை நம் அனுபவத்தால் கழித்துக்கொண்டு மிச்சத்தை ரசிக்கிறோம். கணிப்பொறியின் உள்விவகாரத்திலும், போலீஸ் கட்டுப்பாட்டு அறையின் வல்லமையிலும் நமக்கு அனுபவம் ஏது? கழித்துக்கொள்ள ஒன்றுமில்லாதபோது, காட்டியதெல்லாம் மொத்தமாக உள்ளே இறங்கிவிடுகிறது. இறங்கியதில் மிக விபரீதமானது ஹேக்கரின் விரல்வேகமன்று. அதிகாரத்திலுள்ளவன் எல்லாவற்றையும் பார்க்கிறான், எங்கிருந்தாலும் பார்க்கிறான், இக்கணமே பார்க்கிறான் என்கிற சர்வ வியாபகப் பிரமைதான்.

“இன்னும் முப்பது செகண்டு பேச்சை இழுங்க, டிரேஸ் பண்ணிடலாம்” என்று இன்றைக்கும் படங்களில் சொல்கிறார்கள். இணைப்புகளை யந்திர விசைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து கோத்துக்கொடுத்த பழங்காலத் தொலைபேசி நிலையங்களில், அழைப்பு நீடிக்கும்போதே ஊழியர்கள் ஒவ்வொரு விசையாகப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கவேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பழக்கம் அது. இன்று எந்த எண் எந்த எண்ணை எப்போது அழைத்தது என்பது இணைப்பு கிடைத்த கணத்திலேயே கம்பெனியின் ஏட்டில் பதிந்துவிடுகிறது. பேச்சை இழுப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. வானத்திலிருந்து சாட்டிலைட் ஒரு தெருவை உற்றுநோக்கி, ஓடுகிறவனின் சட்டைப் பையைக் காட்டுகிறது. 2019 நவம்பரில் நாம் ஏவிய கார்ட்டோசாட்-3, சுமார் 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 25 சென்டிமீட்டரை ஒரு புள்ளியாகக் காண்பது. உலகத்தில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. அந்தக் கணக்கில் ஒரு மனிதனின் தலை ஒரு புள்ளி. அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவருவதாதலால், காரைக்குடிச் செக்காலை வீதிக்கு மேலே நின்று வேடிக்கை பார்க்க அதற்கு நேரமில்லை. மங்கலான சிசிடிவி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நம்பர் பிளேட்டைப் படித்துவிடுகிறார்களே, காமிரா பதியாத ஒன்றை எந்த யந்திரமும் அதிலிருந்து கறந்துவிட முடியாது. முடிவது ஊகம் மட்டுமே.

இந்தப் பிரமையைத்தான் இன்றைய திருடன் மூலதனமாக்கிக்கொண்டான். எங்கள் பக்கத்து ஊரொன்றில், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலுமாக இருக்க, இரண்டு கட்டு வீட்டில் தனியே இருக்கும் ஆச்சி ஒருவருக்கு ஒரு பிற்பகலில் அழைப்பு வந்தது. அவர் பெயரில் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். வீடியோ காலில் காக்கி உடுப்போடு ஒருவன் தோன்றினான். பின்னால் தேசியக் கொடியும் ஏதோ ஒரு துறையின் முத்திரையும். போனை மேசையில் சாய்த்து வைக்கவேண்டும், காமிராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்பது கட்டளை. அடுப்பில் பால் வைத்திருந்த ஆச்சி, அதை இறக்கி வைத்துவிட்டு வரட்டுமா என்று அந்தப் போலீஸ்காரனிடம் அனுமதி கேட்டிருக்கிறார்; போனையும் எடுத்துக்கொண்டு போகும்படி அவன் பெருந்தன்மையோடு அனுமதித்திருக்கிறான். மறுநாள், இணைப்பைத் துண்டிக்காமல் போனைப் பையில் போட்டுக்கொண்டு, டெபாசிட்டை முறிக்க வங்கிக்குப் போனார். கவுண்டரிலிருந்த பெண் ஆச்சியின் முகத்தைப் பார்த்தாள். பையிலிருந்து வந்த குரலைக் கேட்டாள். பேசாமல் ஒரு செலானின் பின்புறத்தில் ‘போலீஸா?’ என்று எழுதி நீட்டினாள். ஆச்சி தலையை ஆட்டினார். பணம் தப்பியது. ஏன் ஆச்சி, ஊரில் நாலு பேரைக் கேட்டிருக்கக் கூடாதா என்று பிறகு நான் கேட்டபோது, “கேட்டா அவுகளுக்குத் தெரிஞ்சிராதா? நான் எங்க நிக்கிறேன், யார்கிட்டப் பேசுறேன்னு டவரை வச்சே கண்டுபிடிச்சிருவாகல்ல! படத்துல பார்த்ததில்லையா நீங்க?” என்றார்.

டிஜிட்டல் கைது என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்லவேண்டியதாயிற்று. படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று எண்ணவேண்டாம். அவ்வாண்டு, லூதியானாவின் புகழ்பெற்ற ஆலை அதிபரும் வர்த்தமான் குழுமத்தின் தலைவருமான எஸ்.பி. ஓஸ்வால், 82 வயதில், 7 கோடி ரூபாயை இழந்தார். அவரை நம்பவைக்க, அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் போன்ற ஒரு வேஷதாரியை வைத்து ஸ்கைப் வழியாக உச்ச நீதிமன்ற விசாரணையையே நடத்திக் காட்டினார்கள். போலீஸ் இதில் 5 கோடிக்கு மேல் மீட்டது. உடுப்பு, செட், வசனம், துணை நடிகர்கள், ஓர் இடைவேளைத் திருப்பம்: எல்லாம் சினிமாவிடமிருந்து எடுத்துக்கொண்டவை. திருடன் கணிப்பொறியின் பூட்டை உடைப்பதாகச் சினிமா காட்டிக்கொண்டிருக்க, நிஜத் திருடனோ ஒரு பூட்டையும் தொடாமல், சினிமாவையே எடுத்து ஆடிக் காட்டி, வீட்டுக்காரரைக் கொண்டே கதவைத் திறக்கவைத்துவிடுகிறான்.

அந்தத் திருடன் யார் என்று பார்த்தால், அங்கேயும் சினிமா பொய்த்துப் போகிறது. கண்ணாடி மாளிகையில் கோட்டு அணிந்து, ஐந்து திரைகளின் நடுவே சுழல் நாற்காலியில் அமர்ந்திருக்கும் மேதையல்லன் அவன். 2022-ல், தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள், தமிழர்கள் உள்பட, பாங்காக்கிலிருந்து மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோகப்பட்டு, மோயி ஆற்றைக் கடத்தி, மியான்மரின் மியாவடியில் அடைக்கப்பட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, எழுதிக் கொடுத்த வசனத்தை நாள் முழுவதும் முகம் தெரியாதவர்களுக்குத் தட்டி அனுப்பவேண்டும். மறுத்தால் அடி, மின்சார அதிர்ச்சி. அவ்வாண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. அக்டோபரில் மீட்கப்பட்ட தமிழர்கள் சிலர் சென்னை வந்து சேர்ந்தார்கள். 1937 பிப்ரவரி 10-ந் தேதி எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, ஒரே நாளில் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் கதவு திறந்தார். பர்மாவும் செட்டிநாடும் அடுத்தடுத்த வீதிகளாக இருந்த காலம் அது. கணக்கு எழுதப் பையன்கள் கப்பலேறிய அதே பர்மாவிலிருந்து, இன்று இன்னொரு தமிழ்ப் பையன் அடிக்குப் பயந்து பொய் எழுதிக்கொண்டிருக்கிறான் என்பதை எந்தப் படமும் இதுவரை எனக்குக் காட்டவில்லை.

நெருங்கி வந்த ஒரு படத்தை மட்டும் சொல்லாமல் விடுவது அநியாயம். பி.எஸ். மித்ரன் இயக்கிய ‘இரும்புத்திரை’யின் (2018) முற்பகுதியில், ராணுவ அதிகாரி ஒருவர் தரகர் மூலம் போலிக் காகிதங்கள் கொடுத்துக் கடன் வாங்க, வந்த பணம் கணக்கிலிருந்து மாயமாகிறது, தானே பொய்க் காகிதம் கொடுத்தவராகையால் போலீசுக்கும் போக முடியவில்லை. கூச்சமும் குற்ற உணர்ச்சியும்தான் ஏமாந்தவனின் வாயைக் கட்டுகின்றன என்ற சூட்சுமத்தை அந்த இயக்குநர் பிடித்திருந்தார். பிற்பகுதியில் வில்லன் ஊரையே உள்ளங்கையில் வைத்து ஆட்டத் தொடங்கியதும், படம் பழைய ஜாதகத்துக்குத் திரும்பிவிட்டது. வில்லனாக வந்த அர்ஜுனின் நடிப்பில் குறையில்லை; பாத்திரத்துக்குக் கொடுத்த வல்லமைதான் அளவு மீறிற்று.

பெரிய படக்காரர்களைவிட, மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை நம் வீட்டுக் கூடங்களை ஆண்டுவரும் தொலைக்காட்சித் தொடர்க்காரர்களிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். ஆச்சிகளும் ஐயாக்களும் பார்ப்பது அவற்றைத்தான். பாலில் விஷம் கலப்பதற்கு ஒரு வாரம், சொத்துப் பத்திரத்தைத் திருடுவதற்கு இரண்டு வாரம் என்று ஒதுக்குகிறவர்கள், வீடியோ காலில் வரும் காக்கி உடுப்புக்கு ஐந்து நாட்கள் ஒதுக்கலாம். செட் செலவு கிடையாது. ஒரு கூடம், ஒரு போன், ஒரு குரல் போதும். அவர்கள் தொழிலுக்கு இயல்பான மெதுநடையும் இதற்குப் பொருத்தமே. உண்மையான மோசடி அப்படித்தான், மணிக்கணக்காக, நாட்கணக்காக நகர்கிறது. வெள்ளிக்கிழமைக் காட்சியில், வீட்டு மருமகள் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டு, இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்கட்டும். பணம் போய்விட்டிருந்தாலும், சில மணி நேரத்துக்குள் அழைத்தால், அது கைமாறிப் போய்க்கொண்டிருக்கும் கணக்குகளை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு என்பதை அவளே சொல்லட்டும். மாமியார் திட்டுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.